வணக்கம் சொல்லாத வகுப்பு

போன வாரம் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியை ஒருவர் எனக்கு வாட்ஸ்அப் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தமிழ்ப்பள்ளியில் அவருடைய இரண்டாம் ஆண்டு வகுப்பறையின் படம். வாசிப்பு மூலை, எழுத்து மூலை, சொல் விளையாட்டு மூலை, கேட்டல் மூலை, கதை மூலை, கைவண்ண மூலை. ஓர் அறைக்கு நான்கு மூலைதான் என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இவர் எப்படி ஆறு கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. எல்லா அட்டையும் லாமினேட் செய்யப்பட்டுப் பளபளவென்று இருந்தது. கீழே ஒரு கேள்வி: "டீச்சர், இன்னும் என்ன வைக்கலாம்?"

நான் பதில் போடவில்லை. மறுநாள் ஒரு கேள்விக்குறி வந்தது. அதற்கு மறுநாள் கைகூப்பிய படம் வந்தது. சரி, இனியும் சும்மா இருந்தால் கிழவிக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொள்வீர்கள். ஆகவே அவருக்கும், அவரைப்போல் இரவெல்லாம் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று, பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாமில் நிம்மதியாக இருக்கிறேன். ஆனாலும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஓர் இளம் ஆசிரியை பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதையேதான் கேட்கிறார். பிள்ளைகள் தாங்களாகவே செய்கிற வாசிப்பு நடவடிக்கைக்கு என்ன வைக்கலாம், எத்தனை வைக்கலாம், எங்கே மலிவாக வாங்கலாம். சாப்பாட்டு இலை காய்ந்து போகும்வரை கேட்கிறார்கள். அது எதற்கு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதில்தான் எனக்கு எரிச்சல்.

எதற்கு என்று நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொரு பேர் உங்கள் துணை இல்லாமல் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், சொல் அட்டைகளை வைத்து விளையாடுகிறார்கள். நீங்கள் ஒரு சின்ன மேசையில் மீதி நான்கு பேரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நான்கு பேரில் ஒரு பிள்ளைக்கு இன்னும் படிக்க வரவில்லை. அந்த ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் வேண்டும். இடையில் யாரும் கூப்பிடாத, யாரும் எட்டிப் பார்க்காத பத்து நிமிடம். மற்ற இருபத்தொரு பேரும் தனியாக வேலை செய்யப் பழகுவதே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான். அட்டை பளபளக்கிறதா என்பது யாருக்கு வேண்டும்?

அந்தப் பத்து நிமிடத்தைத் திருடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பிள்ளைகள். "டீச்சர், பென்சில் ஒடஞ்சிருச்சி", "டீச்சர், தண்டாஸ் போகணும்", "டீச்சர், இவன் என்னப் பாக்குறான்", எல்லாவற்றுக்கும் மேலாக "டீச்சர், முடிஞ்சிருச்சி". இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கூர் சீவிய பென்சிலை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். கழிவறைக்குப் போகிறவன் கதவில் தொங்குகிற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகட்டும். முடித்தவன் மறுபடி படிக்கட்டும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தால், ஏழு வயதுப் பிள்ளை பழகிக்கொள்ளும். நானும் பல்லைக் கடித்திருக்கிறேன். கடைவாய்ப் பல் இரண்டை அதில்தான் இழந்தேன் என்று என் பல் வைத்தியரிடம் சொல்வதுண்டு.

இரண்டாவது வகை பெரியவர்கள். இவர்களுக்கு மருந்தே கிடையாது. பால் எத்தனை பொட்டலம் என்று கேட்கச் சிற்றுண்டிச்சாலை அக்கா வருவார். யாருடைய பிறப்புப் பத்திரத்தின் நகல் இன்னும் வரவில்லை என்று கேட்க அலுவலகத்திலிருந்து ஆள் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஸ்டேப்ளர் கேட்டு வருவார். போன வாரம் வாங்கிப்போன ஸ்டேப்ளர் அவரிடம்தான் இருக்கும்.

பெரியவர் யார் உள்ளே வந்தாலும் நம் தமிழ்ப்பள்ளிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வகுப்புத் தலைவர் "வகுப்பு, எழுந்து நில்லுங்கள்" என்று குரல் கொடுப்பார். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் கீச்சிடும். பிறகு மொத்த வகுப்பும் இழுத்து இழுத்து வணக்கம் சொல்லும். வந்தவர் பதில் வணக்கம் சொல்லி, உட்காருங்கள் என்பார். அதற்கு ஒரு நன்றி, அதையும் இழுத்து. ஸ்டேப்ளர் வாங்க வந்தவருக்கு இவ்வளவு மரியாதை. அது முடிந்து நாம் மேசைக்குத் திரும்பினால், எழுத்து எழுத்தாகக் கோத்து ஒரு சொல்லை எட்டிப் பிடிக்கப் போன பிள்ளை, பிடித்திருந்ததையும் கீழே போட்டுவிட்டு நம்மைப் பார்த்து விழிக்கும்.

என் கடைசி ஆண்டுகளில் எனக்கு வாய்த்த ஓர் இரண்டாம் ஆண்டு வகுப்பில் அந்தக் குரல் கொடுக்கிற வேலை லோஷினியுடையது. முதலாம் ஆண்டு ஆசிரியை அவளை வகுப்புத் தலைவியாக்கி எனக்கு அனுப்பியிருந்தார். ஒல்லியான பிள்ளை, ஆனால் குரல் காலைச் சபைக் கூடல் மைக்குக்குப் போட்டி. அவள் எழுந்து நில்லுங்கள் என்றால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும். பாடநூலை எல்லாரும் சேர்ந்து படிக்கும்போதும் அவள் குரல்தான் முன்னால் ஓடும், மற்ற குரல்கள் அதன் பின்னால் ஓடும்.

தனி நடவடிக்கை நேரத்தில் அவள் எனக்குப் பெரிய துணை. அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். யாராவது சத்தம் போட்டால் போய் அடக்குவாள். வண்ணப் பென்சில்களைப் பங்கு வைப்பாள். கூடையில் புத்தகங்களை அளவு பார்த்து அடுக்குவாள். வாசிப்பு மூலையில் தோழியைப் படிக்கச் சொல்லி, இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பாள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதுபோல ஒரு சுறுசுறுப்பு.

உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் மற்ற பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு திரிகிற பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பாராட்டி நட்சத்திரம் ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை என்ன படித்தது என்று பாருங்கள். மூலையில் தூங்குகிறவனைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். ஓடியாடி உழைக்கிற பிள்ளை ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

லோஷினியை ஒரு நாள் என் மேசைக்குக் கூப்பிட்டு, பாடநூலில் இல்லாத, அவள் அதுவரை கேட்டிராத ஒரு பக்கத்தை வைத்தேன். பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "டீச்சர், அங்க சத்தம் போடுறாங்க, நான் போய் பாத்துட்டு வரேன்" என்றாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் அவளுக்குத் தண்ணீர் தாகம். அதற்கு மறுநாள் கூடை சாய்ந்துவிடும் போலிருந்தது. பிறகு நான் அவள் நாற்காலியைச் சுவருக்கும் எனக்கும் நடுவில் போட்டேன். போக வழியில்லாமல் உட்கார்ந்தாள். எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலும் தெரிந்தது. சேர்த்துச் சொல்லாக்க வரவில்லை. படத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, எதையாவது சொன்னாள். ஒரு முறை கேட்டாலே பிடித்துக்கொள்கிற காது அவளுக்கு. பாடநூல் முழுவதையும் காதால் மனப்பாடம் செய்து, கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒன்றரை ஆண்டை ஓட்டியிருக்கிறாள். மற்றவர்கள் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசைக்குப் போவார்கள். இவள் முன்வரிசைக்கு வந்து ஒளிந்துகொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நம்மேல்தான் வந்தது.

விஷயம் தலைமையாசிரியரின் காதுக்குப் போனது. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் அந்த வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் அவருக்கு. குறைநீக்கல் வகுப்பில் இடமில்லை என்றார். பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, கடிதம் வாங்கி, சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடலாம், அம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். சிறப்புக் கல்வி வகுப்பை நான் குறைவாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அது தேவைப்படுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, அங்கே உழைக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்காமலே, வரவில்லை என்று எழுதிவிடலாமா? அவளுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் உண்மை.

அவள் அம்மா என்னைப் பார்க்கப் பள்ளி வாசலுக்கு வந்தார். சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் முடித்து, தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, சீருடையோடு நேராக வந்திருந்தார். தலைமையாசிரியர் சொன்னது அவருக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. விளங்கிய பாதியே அவரை நிற்கவிடாமல் ஆக்கியிருந்தது.

"வீட்ல கடகடன்னு படிக்கிறாளே டீச்சர். நான்தானே கேக்குறேன். பொய்யா படிப்பா?"

பொய் இல்லை, கேட்டதைச் சொல்கிறாள் என்று விளக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போவதில் தப்பில்லை, ஆனால் வகுப்பு மாற்றுவதற்குக் கையெழுத்துப் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் முகம் அப்படியே வாடிப் போயிற்று.

தலைமையாசிரியரிடம் ஆண்டு இறுதி வரை கேட்டேன். அவர் கல்வி இலாகா அதிகாரி பார்வையிட வருகிற வாரம் வரை கொடுத்தார். அதிகாரி வந்து போனதும் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்றார். அதாவது லோஷினிக்குக் கிடைத்தவை சில வாரங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தைக் காப்பாற்றத்தான் நான் வணக்கத்தில் கைவைத்தேன். தனி நடவடிக்கை நேரத்தில் யார் உள்ளே வந்தாலும் எழ வேண்டாம், வணக்கம் சொல்ல வேண்டாம், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், நான் எழுந்தால் மட்டும் எழுந்திருங்கள் என்று வகுப்புக்குச் சொன்னேன். நாடகம்போல் பழக்கினேன். நானே வெளியே போய் ஸ்டேப்ளர் கேட்கிறவர்போல் உள்ளே வருவேன். ஆரம்பத்தில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் எழுந்து, பாதியில் ஞாபகம் வந்து உட்காருவார்கள். சில நாளில் பிடிபட்டுவிட்டது.

பிள்ளைகளுக்குப் பிடிபட்டது ஆசிரியர் அறைக்குப் பிடிபடவில்லை. சிற்றுண்டிச்சாலை அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டேப்ளர்க்காரர் நம் பண்பாடு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். வணக்கம் சொல்வதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, என் பிள்ளைகள் காலையில் வாய்நிறையச் சொல்கிறார்கள், தெருவில் பார்த்தாலும் சொல்வார்கள் என்றேன். இந்தக் காலத்து ஆசிரியர்களுக்கு எல்லாம் புதுமை என்றார். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர்.

யார் கோபித்துக்கொண்டாலும் எனக்கு உறைக்கவில்லை, லோஷினி கேட்டதுதான் உறைத்தது. குரல் கொடுக்கிற வேலையும் போயிற்று, அடக்குகிற வேலையையும் நான் பிடுங்கிக்கொண்டேன். ஒரு நாள் மேசைக்கு வந்து, அழவில்லை, நியாயம் கேட்பவள்போல் நின்றாள்.

"அப்ப நான் என்னதான் செய்றது டீச்சர்?"

படி என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வெளியே அடைமழையில் போய் நில் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் ஒரு நம்பாமை இருந்தது.

அதற்குப் பிறகான வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம், ஒரு வரி, சில நாள் ஒரு சொல்லோடு சரி. அவளுடைய பழக்கம் ஒன்றுதான் என் பொறுமையைச் சோதித்தது. எதையாவது சொல்லிவிட்டு உடனே என் முகத்தைப் பார்ப்பாள். என் புருவம் தூக்கினால் வேறொன்றைச் சொல்வாள். பக்கத்தைவிட என் புருவத்தைத்தான் நன்றாகப் படித்தாள். புருவத்தை அசைக்காமல் வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தப்பாகச் சொன்னாலும் சும்மா இருப்பேன். சரியாகச் சொன்னாலும் சும்மா இருப்பேன். அவளுக்கு எரிச்சல், எனக்கு அதைவிட எரிச்சல்.

அதிகாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வருவார் என்று தெரியும், அந்த நேரத்துக்கு வருவார் என்று தெரியாது. வகுப்பு அவரவர் வேலையில் இருந்தது. மேசையில் லோஷினி புதுப் பக்கம் ஒன்றைத் திறந்திருந்தாள். ஒரு குடையின் படம், அதன் கீழே "மழை நின்றது" என்று ஒரு வரி. விரலை முதல் சொல்லின் கீழே வைத்திருந்தாள். அப்போது தலைமையாசிரியரும் அதிகாரியும் உள்ளே வந்தார்கள்.

பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், குனிந்துகொண்டார்கள். நான் பழக்கியபடியே செய்தார்கள். தலைமையாசிரியர் வாசலில் நின்று காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். நான் எழ வேண்டும் என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். எழுந்தால் வகுப்பே எழும், நாற்காலிகள் கீச்சிடும், வணக்கம் முடியும், லோஷினியின் விரல் அந்தச் சொல்லைவிட்டுப் போய்விடும். நான் உட்கார்ந்தபடியே அதிகாரிக்குக் கைகூப்பினேன். தலைமையாசிரியரின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் லோஷினி எழுந்துவிட்டாள். தப்பிக்க அதைவிட நல்ல வழி அவளுக்கு எப்போது கிடைக்கும்? நிமிர்ந்து நின்று, பழைய குரலில், "வகுப்பு, எழுந்து நில்லுங்கள்" என்றாள். ஒருவரும் எழவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு நொடி தடுமாறி, தனியாகவே கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்று முழங்கினாள்.

அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது மரியாதை தெரிந்திருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே எங்கள் மேசைக்கு வந்தார். பெயரைக் கேட்டார். நல்ல குரல் என்றார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவர் மேசையில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"எங்க, இதக் கொஞ்சம் படிம்மா பாப்போம்."

இளையவர்களே, இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று சொல்கிறேன். வெண்பலகையில் அந்த வாரத்துப் பாட்டு எழுதியிருந்தது. லோஷினி, பாட்டை ஆரம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குரலெடுத்துப் பாடுவாள், வகுப்பு கூடச் சேரும், அதிகாரி தாளம் போடுவார், தலைமையாசிரியரின் காது பழைய நிறத்துக்கு வரும், எல்லாரும் சிற்றுண்டிச்சாலைக்குப் போய் மீகூன் சாப்பிடுவார்கள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாள். அதைச் சொன்னால் அன்றைக்குத் தப்பித்துவிடுவாள். ஆனால் மறுபடியும் கூட்டத்துக்குள் போய்விடுவாள், இந்த முறை நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டதாக ஆகும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்தேன். அவளும் வேறு வழியில்லாமல் பக்கத்தைப் பார்த்தாள்.

"குடை" என்றாள்.

படத்தைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் புருவத்தைத் தேடினாள். நான் முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். அதிகாரி கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார். தலைமையாசிரியருக்குப் பொறுக்கவில்லை. பள்ளியின் மானம் போகிறதே என்ற பதைப்பு அவருக்கு. குனிந்து, "ம... ம..." என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

"சார், சொல்லிக் குடுக்காதீங்க" என்றேன்.

அதிகாரியின் முன்னால், உட்கார்ந்தபடியே, தலைமையாசிரியரிடம் சொன்னேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து நின்றார். லோஷினி சுற்றிலும் பார்த்தாள். அவரும் சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. விரலைப் பழையபடி சொல்லின் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது.

"இல்ல" என்றாள். எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "குடை இல்ல. மழை."

அவ்வளவுதான். ஒரு சொல். அதிகாரி பரவாயில்லை, இன்னும் பயிற்சி வேண்டும் என்று சொல்லி அவள் தலையைத் தட்டினார். கெப்பாலா பத்தாஸில் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும், பாலத்தில் நெரிசல் ஆரம்பித்துவிடும் என்று கிளம்பிவிட்டார். அவர் கண் முன்னால் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. எத்தனை வாரம் நான் அந்த "இல்ல"வுக்காகக் காத்திருந்தேன் என்பதும் தெரியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவர்கள் போன பிறகு லோஷினி ஒரு காரியம் செய்தாள். உட்காருவதற்கு முன்னால் மெதுவாகத் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். ஒருவன் சொல் அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் ஒரே புத்தகத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. அவள் உட்கார்ந்து, விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள்.

மதியம் தலைமையாசிரியர் அறையில் எனக்கு அர்ச்சனை நடந்தது. அதிகாரி முன்னால் என்னை வாயை மூடச் சொன்னீர்கள் என்றார். மூடச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அவ தப்பா சொன்னா சார். தப்புன்னு யாரும் சொல்லல. எழுத்தப் பாத்து அவளே கண்டுபிடிச்சா, அவளே திருத்திக்கிட்டா. அது வந்துட்டா மத்தது வரும்லா. நீங்க அந்த 'ம'வக் குடுத்திருந்தா, உங்க மொகத்தப் பாத்துச் சொல்லியிருப்பா."

அவர் மேசை விளிம்பைத் தட்டினார். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரமா என்றார். ஆமாம் என்றேன். கடைசியில், அம்மாவிடம் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஆண்டு முடியட்டும் பார்ப்போம் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோது, மரியாதை விஷயத்தைத் தாம் விடப் போவதில்லை என்றும் சொன்னார். விடவும் இல்லை. மறுநாளே எல்லா வகுப்பும் கட்டாயம் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பத்து நிமிடம் மட்டும் வகுப்பின் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டேன். வியர்த்து ஊற்றியது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதற்கு ஒரு ஸ்டேப்ளர் அவ்வளவு அவசரமில்லை என்று பலருக்கும் புரிந்தது.

லோஷினி படித்தாளா என்று கேட்பீர்கள். படித்தாள், மெதுவாக. மூன்றாம் ஆண்டிலும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் இருந்தாள். நான் ஓய்வு பெறும்போது வகுப்பு நூலகத்தை அவள்தான் மேய்த்துக்கொண்டிருந்தாள், புத்தகத்தின் பெயரைப் பார்த்து அடுக்கினாள். இதைப் பெரிய வெற்றிக் கதையாக்கி எந்தப் பட்டறையிலும் சொல்ல வேண்டாம்.

அதிகாரி வந்து போனதற்கு மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவள் அம்மா வாசலில் காத்திருந்தார். மறுபடியும் அதே சீருடை, தூக்கமில்லாத கண். முதல் நாள் தலைமையாசிரியர் அனுப்பிய செய்தி கிடைத்திருந்தது, ஆனால் அதை நம்பாமல் என்னிடம் கேட்க வந்திருந்தார். கையெழுத்து இப்போது வேண்டாம் என்றேன். படித்தாளா என்று கேட்டார். ஒரு சொல் படித்தாள் என்றேன். பெரிய மனிதர்கள் சுற்றி நிற்க, முதலில் தப்பாகச் சொன்னதையும், பிறகு தானே திருத்திக்கொண்டதையும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது மகிழ்ச்சி. அல்லது, ஒரே ஒரு சொல்லா என்ற ஏமாற்றம். இரண்டும் இல்லை. அவர் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவ தப்பா சொன்னப்ப... யாரும் சிரிக்கலையா டீச்சர்?"

"யாருக்கும் நேரம் இல்லம்மா" என்றேன். "அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க."